தண்டமும் கூலியும்: ஊவாத் தோட்டங்களின் வரலாற்றில் ஒரு நோக்கு

குற்றம் புரிந்தோரை எல்லாம் சிறையிலிடுதல் பொருந்தாது என்ற எண்ணத்தினாலேயே தண்டப்பணம் விதிக்கும் முறை பல நாட்டுச் சட்டங்களிலும் விரிவான இடம் பெற்றது. சிறுகுற்றத்திற்குச் சிறு பொருளிழப்பு என்பது அதன் உட்கருத்து. ஆயின், கொடுப்பதற்குப் பொருளே இல்லாதவனிடத்து அத்தண்டம் என்னவாகின்றது? அவன் தன் உடலையே கொடுக்கின்றான். அதாவது சிறை புகுகின்றான். தண்டப்பணம் வசதியுள்ளவனுக்கு ஒரு செலவாகவும் வறியவனுக்குச் சிறையின் மறுபெயராகவும் அமைந்துவிடுகின்றது. பதுளையையும் அதனைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களையும் போல இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் பிரதேசங்கள் இலங்கையிற் சிலவே எனலாம்.

கிராமமும் வரியும்

தோட்டங்களை நோக்குமுன் அவற்றின் அடிவாரத்துக் கிராமங்களை நோக்குதல் தகும். 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. கையிற் காசுள்ளவன் பணத்தைக் கட்டினான், இல்லாதவன் கல்லுடைத்தான். இரண்டும் செய்யத் தவறியவன் தண்டத்திற்கும் மறியலுக்கும் ஆளானான். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் இவ்வரியிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்கெனப் பிறிதொரு சட்டம் காத்திருந்தமையை அடுத்துக் காண்போம்.

நெல்வரி இதனினுங் கொடியதாயிற்று. 1878ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அவ்வரியைப் பணமாகவே செலுத்த வேண்டியிருந்தது. கோப்பிப் பயிர் நோயினால் அழிந்து, நாட்டுப்புறத்திற் பணப்புழக்கம் வற்றியிருந்த 1880களில், வரி நிலுவைக்காக வலப்பனையிலும் ஊவாவின் உடுகிந்தையிலும் குடியானவரின் வயல்கள் ஏலத்தில் விடப்பட்டன. சிறுதொகை நிலுவைகளுக்காகத் தலைமுறை தலைமுறையாக உழுதுவந்த நிலம் கைமாறிய செய்தி பிரித்தானியாவிலும் கண்டனத்தை எழுப்பியது. 1892இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. நிலமுடையான் நிலத்தை இழந்தான்; நிலமே இல்லாத தோட்டத் தொழிலாளி எதனை இழந்தான்?

1865ஆம் ஆண்டின் சட்டம்

இவ்வினாவுக்கு 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் விடை தருகின்றது. வேலையாளுக்கும் வேலைகொள்வோனுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை மீறுதல் உலகியல் வழக்கிற் குடியியற் கடப்பாட்டு மீறலேயாம். இச்சட்டமோ அதனைக் குற்றமாக்கியது. வேலைக்கு வராமை, தோட்டத்தை விட்டு ஓடுதல் ஆகியவற்றுக்காகத் தொழிலாளியின் கூலியைப் பறிமுதல் செய்யவும், 50 ரூபா வரை தண்டம் விதிக்கவும், மூன்று மாதம் வரை கடூழியச் சிறையிலிடவும் நீதவானுக்கு அதிகாரம் இருந்தது.

ஐம்பது ரூபா என்பதை இன்றைய கண்கொண்டு நோக்குதல் பிழையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆணொருவனின் நாட்கூலி பெரும்பாலும் 33 சதமாகவே இருந்தது. அக்கணக்கின்படி அத்தண்டம் ஏறத்தாழ 150 நாட் கூலிக்குச் சமம். அக்கூலியும் முழுமையாகக் கைக்கு வந்ததில்லை. அரிசிக்கும் கம்பளிக்கும் பிடித்தம் போக, வேலையிற் குறைகண்டவிடத்து அரைப்பேர் போடுதல் என்னும் வழக்கமும் இருந்தது. நீதிமன்றம் ஏறாமலே துரைத்தனம் விதித்த தண்டம் அது.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் கடன் நின்றது. தமிழகத்துக் கிராமத்திலிருந்து புறப்படும்போதே வழிச்செலவுக்கெனக் கொடுக்கப்பட்ட முற்பணம், தோட்டத்தை அடையுமுன்னரே அவனைக் கடனாளியாக்கியது. கங்காணியின் ஆட்கள் வேறு தோட்டத்திற்குச் செல்ல வேண்டின், அவர்தம் கடனைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவர் எனத் துரை எழுதிக்கொடுக்கும் 'துண்டு' தேவைப்பட்டது. கடனைப் புதிய தோட்டம் தீர்த்தது. தொழிலாளியின் கணக்கிலோ அது தீர்ந்ததில்லை. தோட்டம் மாறியது, கடன் மாறவில்லை. மடுல்சீமையிலோ பசறையிலோ உள்ள தோட்டத்திலிருந்து தப்பியோடிய ஒருவன் பிடியாணையின் பேரிற் பிடிபட்டால், தண்டம் கட்டக் காசின்றிச் சிறை செல்வான்; சிறைமீண்ட பின்னரும் கங்காணியின் கணக்கேட்டில் அவன் கடன் அவ்வாறே இருக்கும். சிறைவாசம் தண்டத்தைத் தீர்த்ததேயன்றிக் கடனைத் தீர்க்கவில்லை.

விடுதலையின் தொடக்கம்

இம்முறைக்கு எதிரான குரல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் நலச் சங்கத்தை நிறுவி, உழைப்பொப்பந்த மீறலுக்காகத் தொழிலாளரைச் சிறையிடும் விதிகளை நீக்கக் கோரினார். இந்திய அரசாங்கமும் குடியகல்வுச் சட்டத்தை ஆக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தமையால் இலங்கை அரசாங்கம் வாளாவிருக்க இயலவில்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. சிறைத்தண்டனை விதிகளும் அக்காலத்திலேயே அகற்றப்பட்டன. 1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தபோது, வேலையை விட்டுச் சென்றான் என்பதற்காகத் தோட்டத் தொழிலாளியைச் சிறையிலிட இயலாத நிலை தோன்றியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலவிய கொடுமையொன்று சட்டப் புத்தகத்திலிருந்து மறைந்தது.

இன்றைய சட்டமும் எஞ்சிய வினாவும்

ஆயினும் வறியவனுக்கும் தண்டத்திற்கும் இடையிலான தொடர்பு அத்துடன் முடிந்துவிடவில்லை. இன்று நடைமுறையிலுள்ள 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, தண்டம் விதிக்கும் நீதிமன்றத்திற்குப் பல வழிகளைத் திறந்து வைத்துள்ளது. பணம் செலுத்தத் தவணை வழங்கலாம். பகுதி பகுதியாகச் செலுத்த அனுமதிக்கலாம். பிணையாளருடனோ பிணையாளரின்றியோ முறி எழுதி வாங்கலாம். சொத்தைக் கைப்பற்றி விற்று அறவிடக் கட்டளையிடலாம். செலுத்தத் தவறின் குறித்த காலம் சிறையில் இருக்குமாறும் பணிக்கலாம். சிறை சென்ற பின்னரும் எஞ்சிய தொகையைச் செலுத்தினால் விடுதலை உண்டு. ஒரு பகுதியைச் செலுத்தினால் அதற்கேற்பச் சிறைக்காலமும் குறையும். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், பொருத்தமான குற்றங்களில் சிறைக்குப் பதிலாகச் சமுதாயத்தில் மேற்பார்வையின் கீழ்ப் பணிபுரியக் கட்டளையிடவும் வகை செய்தது.

சட்டம் இவ்வளவு வழி காட்டியும், தண்டனை பெற்றுச் சிறை புகுவோரிற் பாதிக்கு மேற்பட்டோர் தண்டப்பணம் செலுத்தத் தவறியோராகவே பல ஆண்டுகளில் இருந்து வந்துள்ளனர். இதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று. மேற்கூறிய சலுகைகளிற் பெரும்பாலானவை நீதவானின் தற்றுணிபுக்கு உட்பட்டவை; ஆதலின் அவற்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்பதற்கு முதலில் அறிந்திருத்தல் வேண்டும். வடக்கிற்கும் கிழக்கிற்கும் வெளியே நீதிமன்ற மொழி சிங்களமாக இருக்கையில், மொழிபெயர்ப்பாளரின் துணையை எதிர்நோக்கி நிற்கும் தொழிலாளி, சட்டத்தரணியும் இன்றேல், 'தவணை தாருங்கள்' என்னும் இரு சொற்களைக் கூடச் சொல்லாமற் சிறைவண்டியில் ஏறுதல் இயல்பே. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கில் 27,000 ரூபாத் தண்டம் என்பது 20 நாள் உழைப்பு. ஒரே நாளில் அதனைக் கட்டுதல் அவனால் ஆகாது. சில மாதங்களிற் கட்டுதல் ஆகும். அவன் சிறையிலிருக்கும் காலத்திலோ லயத்தில் அடுப்பெரிவது அரிதாகும். தண்டம் குடும்பத்தினர் அனைவர்மீதும் விழுகின்றது.

1865இல் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பியது சட்டம். இன்று அவனை அனுப்புவது, சட்டத்தில் உள்ள வழியை அவன் அறியாமை. முன்னையதை நீக்கச் சட்டசபை கூட வேண்டியிருந்தது. பின்னையதை நீக்க அத்துணைப் பெருமுயற்சி வேண்டியதில்லை. தண்டம் பெற்றவன் தவணை கேட்கலாம், பகுதியாகக் கட்டலாம் என்பதைத் தமிழில் எழுதி, பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களின் நீதிமன்ற வாயில்களிலும் தோட்டத்துப் பிரட்டுக்களத்திலும் ஒட்டுதலே தொடக்கமாக அமையலாம். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்துள்ள மாணவர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அவர்தம் முன்னோர் துண்டுக் கடதாசியைப் படிக்க அறியாமற் சுமந்தனர். படிக்க அறிந்த தலைமுறை செய்யவேண்டிய பணி இதுவென்பதை வரலாறே சுட்டுகின்றது.