ஆங்கிலக் கட்டுரையும் தோட்டத்துப் பிள்ளையும்

திங்கட்கிழமை காலையில் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே, அன்று எந்தப் புத்தகத்தை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது என்பதை ஊகித்துவிடலாம். கணக்குப் புத்தகமானால் தோழனிடம் வாங்கிப் பேருந்திலேயே முடித்துவிடுவர். ஆங்கிலக் கட்டுரைப் புத்தகத்துக்கு அவ்வழி உதவாது. ஒருவன் எழுதியதை மற்றொருவன் பார்த்தெழுதினால் முதல் வரியிலேயே அகப்பட்டுக்கொள்வான். வாரத்துக்கு ஒரு கட்டுரை, அதனை வீட்டிலிருந்து எழுதி வருதல், ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துதல், திருத்தியதை மாணவன் மீண்டும் எழுதுதல் என்னும் இவ்வழக்கம் நம் நாட்டுப் பள்ளிகளில் எவ்வாறு வேரூன்றிற்று? தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நாமும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். ஆறாண்டுகள் நம்மிடம் பயின்ற பிள்ளையன்றோ அடுத்த ஆண்டில் அந்தப் புத்தகத்தின் முன் உட்காருகிறது!

தொடக்க காலத்து ஆங்கிலப் பள்ளிகளில் கட்டுரைக்கு இத்துணை இடம் இருக்கவில்லை. பினாங்கு இலவசப் பள்ளி 1816இலும், சிங்கப்பூரின் இராபிள்ஸ் கல்விக்கூடம் 1823இலும் தோன்றின. கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடத்துக்கு 1893இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதனைத் தோற்றுவித்த பெருமக்களுள் நம்மவரான தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர் என்பது பலரும் அறிந்ததே. அவரே சிங்கப்பூரில் ஆங்கிலம் கற்று, எழுத்தராகச் சிலாங்கூருக்கு வந்து, பின்னர் பெருஞ்செல்வராக உயர்ந்தவர். அந்நாளில் அரசாங்கத்துக்கும் வணிக நிலையங்களுக்கும் வேண்டியிருந்தோர் எழுத்தர்களே. எனவே அழகிய கையெழுத்து, சொல்வதெழுதுதல், கணக்கு, முறையான கடிதம் ஆகியவையே முதன்மை பெற்றன. மாணவன் தன் கருத்தைத் தன் சொற்களில் எழுத வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆங்கிலத்தை அளவின்றிப் பரப்பினால் மக்கள் உழவை விட்டு விலகிவிடுவர் என்ற அச்சமும் ஆட்சியாளரிடையே இருந்தது. சுவெட்டனம் துரை அதனை ஒளிவுமறைவின்றியே கூறி வந்தார்.

ஆங்கிலம் எழுதத் தெரிந்த தமிழர் இங்கு முதன்முதலில் திரளாக வந்தது யாழ்ப்பாணத்திலிருந்து. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி 1855 வரை நடைபெற்றது. ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருங்கே பயிற்றிய அக்கல்வியின் வழித்தோன்றல்கள்தாம் மலாய் மாநிலங்களின் இரயில்வேயிலும் நில அளவைத் துறையிலும் கருவூலங்களிலும் அமர்ந்தவர்கள். பிரிக்பீல்ட்சில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. 1904இல் விவேகானந்த ஆசிரமமும் அங்கே உருவாயிற்று. அந்த வீடுகளில் மாலைப்பொழுதில் தகப்பனார் மகனுக்கு ஆங்கிலக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்திருப்பார். மண்ணெண்ணெய் விளக்கேயாயினும் மேசை ஒன்று இருந்திருக்கும். கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழருக்கு அந்த இரண்டும் வாய்க்கவில்லை. ஒரே மொழி பேசிய இரு சமூகங்களுக்கு நடுவே இருந்த தொலைவை அளக்க வேண்டுமானால், வீட்டுப் பாடம் நல்லதோர் அளவுகோல்.

கட்டுரையை அரியணையில் ஏற்றியது கேம்பிரிட்ஜ் தேர்வு. இங்கிலாந்தில் 1858இல் தொடங்கிய அத்தேர்வு, 1891இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து சேர்ந்தது. விடைத்தாள்கள் கப்பலேறிச் சென்றன. மாணவனை ஒருநாளும் பார்த்திராத ஒருவர் அங்கிருந்தபடியே மதிப்பெண் இட்டார். எழுத்தர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் அந்தச் சான்றிதழே திறவுகோலாகிவிட்டபடியால், தேர்வில் என்ன கேட்கப்படுமோ அதுவே வகுப்பில் பாடமாயிற்று. கட்டுரை, சுருக்கி வரைதல், பத்தியைப் படித்து விடையளித்தல் என்ற மும்மையும் அன்று அமைந்தவைதாம். வகுப்பு நேரம் இலக்கணத்துக்கே போதாமையால், கட்டுரை வீட்டுக்கு அனுப்பப்பட்டது. ஆசிரியருக்கு அது எளிது. பிள்ளைக்கு எப்படி என்று யார் கேட்டார்கள்?

அக்காலத்துப் பாடநூல்களைப் பற்றியும் ஒரு சொல். வட இந்தியாவில் கல்வித் துறையில் பணியாற்றிய நெஸ்பீல்டு எழுதிய இலக்கணம் இந்தியா முழுவதும் பரவி, கடல் கடந்தும் வந்தது. பின்னர் ரென், மார்ட்டின் இருவரும் சேர்ந்து எழுதிய நூல் அவ்விடத்தைப் பிடித்தது. அந்த ரென் என்பவர் பாலைவனப் போர்வீரர் கதையாகிய 'போ ஜெஸ்ட்' நாவலை 1924இல் எழுதியவரே! ஸ்காட்லாந்து ஆசிரியர் மசீவர் 1938இல் வெளியிட்ட 'பர்ஸ்ட் எய்ட் இன் இங்கிலீஷ்' என்னும் நூலை மலாயாவில் பயின்ற தலைமுறைகள் மறக்கமாட்டா. விலங்குகளின் ஒலிகள், அவற்றின் குட்டிகள், உவமைத் தொடர்கள் எனப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தோம். ஸ்காட்லாந்துப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது அது. ஆங்கிலத்தை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது துணை. கேட்டே அறியாதவர்களுக்கோ அதுவே மூலதனமாயிற்று. வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்டு 1926இலேயே இருமொழிக் கல்வியைப் பற்றி ஆராய்ந்து, இத்தகைய பிள்ளைகளுக்கு வாசிப்பே முதலில் வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தார். அவருடைய வாசக நூல்கள் பரவின; கருத்து அவ்வளவாகப் பரவவில்லை.

இவையெல்லாம் நகரத்துச் செய்திகள். தோட்டங்களில் நடந்தது வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் எழுந்தன, பலவற்றில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். நாலாம் வகுப்பைத் தாண்டியவர் சிலரே. அவர்களிலும் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை ஆசிரிய நண்பர்கள் ஒருமுறை நினைவுகூர வேண்டும். கூலி உயர்வு கேட்டார்கள்; துரைமாரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள்; அவற்றோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வியும் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார், படை வந்தது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத பெற்றோர் பலர் அப்போராட்டத்தில் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

விடுதலையை ஒட்டி வழி சற்றுத் திறந்தது. 1956இல் ரசாக் அறிக்கை, 1960இல் ரகுமான் தாலிப் அறிக்கை, 1961இல் கல்விச் சட்டம் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்த பிள்ளை, புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி பயின்று, இடைநிலைப் பள்ளியில் சேரும் முறை நிலைபெற்றது. இடைநிலை நுழைவுத் தேர்வு 1964இல் நீக்கப்பட்டபின் எண்ணிக்கையும் பெருகிற்று. இங்கிலாந்தில் கேர்க்பி ஆசிரியர் கல்லூரியில் 1950களில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மலாயா ஆசிரியர்கள் படங்களையும் உரையாடல்களையும் வைத்து ஆங்கிலம் கற்பிக்கும் புதுமுறையைக் கொணர்ந்தனர். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்மொழிக்கு மாறின. ஆங்கிலம் பாடமொழி என்ற நிலையிலிருந்து பாடங்களுள் ஒன்றாயிற்று. வாரக் கட்டுரையும் சிவப்பு மையும் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. கட்டடம் இடிந்தபின் வாசற்படி நிற்பதைப் போன்றது இது.

நான் 1983இல் கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் தோட்டம் அதற்குள் பாதிக்குமேல் செம்பனைக்கு மாறியிருந்தது. லயத்து வீடுகளுக்குத் தோட்டத்து மின்பொறி மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை வெளிச்சம் தரும். அப்பா விடியற்காலைப் பெரட்டுக்கு எழ வேண்டியவராதலால் எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிடுவோம். முதலாம் படிவத்தில் 'பள்ளி விடுமுறையில் ஒரு நாள்' என்று கட்டுரை எழுதி வரச் சொன்னார்கள். மாதிரிக் கட்டுரைகள் அடங்கிய பழைய புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் கடற்கரைக் கட்டுரை ஒன்றைக் கண்டு, ஊர்ப் பெயரை மட்டும் மோரிப் என மாற்றி எழுதிவிட்டேன். அது ஆங்கில நாட்டுக் கடற்கரை. ஆகவே என் கட்டுரையில் மோரிப் மணலிலே கழுதைச் சவாரி நடந்தது. ஆசிரியர் அவ்வரிக்கும் சரிக்குறி இட்டு, இருபதுக்குப் பதினாறு கொடுத்திருந்தார்.

அடுத்த லயத்தில் இருந்த என் தோழன் உண்மையை எழுதினான். விடுமுறையில் தன் அம்மாவோடு செம்பனை உதிரிப் பழம் பொறுக்கப் போனதையும், மட்டை அடுக்கின் கீழே பாம்பு கிடந்ததையும், அம்மா சாக்கைப் போட்டுவிட்டுத் தன்னை இழுத்துக்கொண்டு ஓடியதையும் எழுதியிருந்தான். வினைச்சொற்கள் எல்லாம் பிழை. பக்கம் முழுவதும் சிவப்பு. ஏழு மதிப்பெண். அந்தப் பாம்பு என்ன ஆயிற்று என்று ஆசிரியர் கேட்கவில்லை. வகுப்பில் நாங்கள் எல்லோரும் கேட்டோம். மூன்றாம் படிவத்தோடு அவன் படிப்பை நிறுத்திவிட்டான். அதற்குக் கட்டுரைப் புத்தகமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டு நிலையும் இருந்தது. ஆயினும் அந்தப் பதினாறு மதிப்பெண் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

பின்னாளில் ஆசிரியப் பயிற்சியின்போது நன்னூலை மீண்டும் படித்தேன். பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினையும் அழகுகள் பத்தினையும் பொதுப்பாயிரத்தில் வகுத்து வைத்திருக்கிறார். ஆங்கிலத் தேர்வாளர்கள் இன்று குறைகூறும் குற்றங்களில் பல அங்கே உள்ளன. தலைப்பை விட்டு விலகினால் மற்றொன்று விரித்தல். சொன்னதையே சொன்னால் கூறியது கூறல். நன்றாகத் தொடங்கிக் கடைசிப் பத்தியில் நீர்த்துப்போனால் சென்று தேய்ந்திறுதல். இவற்றைத் தமிழ்க் கட்டுரையிலேயே பழக்கிவிட்டால் பிள்ளை ஆங்கில வகுப்புக்குப் பாதித் தொலைவு சென்றுவிடுகிறது. எங்கள் இருவர் கட்டுரைகளையும் அப்பட்டியலில் வைத்துப் பார்த்தேன். தோழனுடையதில் இருந்தது வழூஉச்சொல் புணர்த்தல் ஒன்றே. என்னுடையதில் சொற்பிழை இல்லை. இருந்தது நின்று பயனின்மை. பவணந்தியார் மதிப்பெண் இட்டிருந்தால் எங்கள் நிலை மாறியிருக்கும்!

மேல்நாட்டு ஆராய்ச்சியாளரும் இவ்வழக்கை விசாரித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜேனட் எமிக் என்னும் அம்மையார், பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லவைத்து ஆராய்ந்து, 1971இல் நூலாக வெளியிட்டார். பள்ளிக்காக எழுதும்போது அவர்கள் சிந்தித்துத் திருத்துவதைவிட, தமக்காக எழுதும்போது மிகுதியாகச் சிந்தித்ததை அவர் கண்டார். 1996இல் டிரஸ்காட் என்பவர், இரண்டாம் மொழிக் கட்டுரைகளில் இலக்கணப் பிழையைத் திருத்துவது வீண்வேலை, அதனைக் கைவிட வேண்டும் என்று எழுதி ஆசிரியர்களைத் திடுக்கிட வைத்தார். பெரிஸ் என்னும் அம்மையார் 1999இல் அதனை மறுத்தார். அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. என் அனுபவத்தில், ஒரு கட்டுரைக்கு இரண்டு பிழைகளை மட்டும் காட்டினால் பிள்ளை அவற்றைத் திருத்திக்கொள்கிறது. இருபதைக் காட்டினால் புத்தகத்தை மூடிவிடுகிறது. வீட்டுப் பாடத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 2006இல் கூறியதும் கருதத்தக்கது. வீட்டுப் பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு இடைநிலை வகுப்புகளில் வலுவாகவும், தொடக்கப்பள்ளி வகுப்புகளில் மெலிந்தும் காணப்பட்டது.

எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளும் 2021இல் மாறிற்று. முந்நூற்றைம்பது சொற்களில் ஒரு தொடர் கட்டுரை என்ற பழைய நெடும்பாதை போய், எண்பது சொற்களில் மடல், நூற்றைம்பது வரையில் ஒன்று, இருநூற்றைம்பது வரையில் மற்றொன்று என மூன்றாகப் பிரிந்துள்ளது. இதனை நான் நல்லதென்றே கருதுகிறேன். எண்பது சொற்களுக்கு மாதிரிக் கட்டுரையைத் தேடி எவரும் அலையமாட்டார்.

எங்கள் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலக் கட்டுரையை வீட்டுக்கு அனுப்புவதைச் சில ஆண்டுகளுக்கு முன் நிறுத்திவிட்டோம். வீட்டில் செய்ய வேண்டியது கேட்பது மட்டுமே. பாட்டியிடமோ அப்பாவிடமோ ஒன்றைக் கேட்டு வர வேண்டும். அதனை வகுப்பில் முதலில் தமிழில் சொல்ல வேண்டும். பிறகு ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே ஆங்கிலத்தில் ஐந்தாறு வாக்கியம் எழுத வேண்டும். இதற்கு எதிர்ப்பு வராமல் இல்லை. "என்னங்க சார், புத்தகமே வீட்டுக்கு வர்றதில்ல, புள்ள எப்படிங்க இங்கிலீஷ் படிக்கும்?" என்று ஒரு தந்தை கேட்க வந்தார். அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். அவர் கேட்டது நியாயமே. புத்தகம்தான் அவருக்குக் கண்ணால் காணத்தக்க சான்று. மகளை அழைத்து, அவ்வாரம் எழுதியதைப் படிக்கச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் படித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் பொருள் சொன்னாள். அப்பாவின் லோரி மழையில் சேற்றில் புதைந்து, இரவு முழுதும் அவர் அதிலேயே படுத்திருந்த கதை அது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "லோரி நம்பர எழுதலியாம்மா?" என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து அதனையும் சேர்த்தாள்.