ஓரெழுத்து மிகினும் குறையினும்

கிர்நார் மலையின் சந்திரகுகையில் வாழ்ந்த தரசேனாசாரியர், தம் காலத்தோடு ஆகம அறிவு அற்றுப்போய்விடுமோ என்று அஞ்சி, தென்னாட்டு முனிவர் சங்கத்திலிருந்து இரண்டு மாணாக்கரை வரவழைத்தார் என்பது நம் மரபு. வந்தவர்களுக்கு அவர் உடனே பாடம் தொடங்கவில்லை. ஆளுக்கொரு மந்திரம் கொடுத்தார். ஒன்றில் ஓரெழுத்து மிகை; மற்றொன்றில் ஓரெழுத்துக் குறை. அவர்கள் ஓதியபோது தோன்றிய தேவதையர் இருவருள் ஒருத்திக்குப் பல் வெளியே நீண்டிருந்தது. மற்றவளுக்கு ஒரு கண் இல்லை. தேவர்க்கு இவ்வுரு இயல்பன்று, பிழை எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்று தெளிந்த இருவரும் மந்திரத்தைத் திருத்தி மீண்டும் ஓதினர். அதன் பின்னரே ஆசிரியர் அவர்களுக்குப் பாடம் சொன்னார். அவர்களே புட்பதந்தரும் பூதபலியும். பாடம் முடிந்தபின் பூதபலி திராவிட நாட்டிற்கு வந்தார் என்று தவளா உரை கூறும். அவர்கள் இயற்றிய சட்கண்டாகமம் ஏட்டில் நிறைவுற்ற நாளையே நாம் சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம்.

நூலை வழிபடும் அந்நாளில், அந்நூலைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களையும் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. முனிவர்க்கு எழுத்துப் பிழை கண்டறிவதே தகுதித் தேர்வாக இருந்ததென்றால், சிற்றூர்ச் சிறுவனுக்கு எழுத்தறிவித்தவர் யார், எவ்வாறு அறிவித்தார்?

பள்ளி என்னும் சொல்லிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். துறவியர் உறைவிடத்தின் பெயரே கல்விக்கூடத்திற்கு ஆயிற்று என்பது பலரும் அறிந்ததே. ஆயினும் பௌத்தரும் தம் உறைவிடத்தைப் பள்ளி என்றே வழங்கினர். அச்சொல்லை நமக்கு மட்டும் உரியதாக்கிக்கொள்வது முறையன்று. அதனினும் தெளிவான சான்று ஒன்று குழந்தைகளின் நாவிலேயே இருந்தது. பழைய திண்ணைப் பள்ளிகளில் நெடுங்கணக்கைத் தொடங்குமுன் பிள்ளைகள் 'அரி நமோத்து சிந்தம்' என்று சொல்வர். சொன்ன பிள்ளைக்கும் பொருள் தெரியாது. பெரும்பாலும் சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியாது. சித்தர்க்கு வணக்கம் என்னும் சமணத் தொடரே இவ்வாறு மருவிற்று என மயிலை சீனி. வேங்கடசாமி 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் எடுத்துக்காட்டினார். சமயம் மாறிய ஊர்களிலும் அகரத்திற்கு முன் சித்த வணக்கம் நின்றது.

அப்பள்ளியின் பயிற்று முறை எளியது. தரையில் மணல் பரப்பி, எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் அதன் வடிவை எழுதவேண்டும். நாவும் செவியும் கண்ணும் விரலும் ஒரே எழுத்தில் ஒன்றுபடும். பிழைத்தால் உள்ளங்கையால் அழித்துவிடலாம். தாளும் வேண்டா, மையும் வேண்டா. விரல் பழகியபின் பனையோலை. ஆசிரியர் கீறிக் கொடுத்த எழுத்தின்மேல் மாணவன் எழுத்தாணியை ஓட்டுவான். கீறிய ஓலையில் கரியும் இலைச்சாறும் தடவினால் எழுத்துத் துலங்கும். மாலையில் வீடு திரும்புமுன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லப்படும். மறுநாட் காலையில் அதை மறவாமல் ஒப்புவிக்கவேண்டும். இரவு முழுதும் ஒரு சொல்லைக் காத்துவைத்திருக்கும் இப்பயிற்சியை உ. வே. சாமிநாதையர் தம் இளமை நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

எழுத்துக்குப் பின் சொல். இங்கேதான் நம்மவர் பங்கு பெரிது. திவாகரமும் பிங்கலமும் நூற்பாவால் ஆனவை. மனத்தில் நிறுத்துவது கடினம். பெருமண்டூரைச் சார்ந்த மண்டலபுருடர் தம் சூடாமணி நிகண்டைப் பன்னிரண்டு தொகுதிகளாக விருத்தப்பாவில் செய்தார். ஒரு சொற் பல்பொருளைக் கூறும் பதினோராம் தொகுதியைச் சொற்களின் எதுகை முறையில் அடுக்கினார். அகராதியைப் புரட்ட இயலாத காலத்தில், ஓசையைப் பற்றிக்கொண்டே பொருளை அடைய வகுத்த வழி இது. திண்ணைப் பள்ளிகளில் சமயம் கடந்து இந்நிகண்டு மனப்பாடம் செய்யப்பட்டதற்கு இந்த ஓசையே காரணம் என்பது என் துணிபு.

நிகண்டுக்கு மேல் நன்னூல். சீயகங்கன் வேண்ட, பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றியது. எழுத்தையும் சொல்லையும் விளக்கவந்த முனிவர், அவற்றிற்கு முன் ஆசிரியன் எத்தகையன், மாணாக்கன் எத்தகையன், பாடம் சொல்லும் முறை யாது, கேட்கும் முறை யாது என்பவற்றைப் பாயிரத்தில் வைத்தார். சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளிபோன்ற மாணவனை அவர் இடைத்தரத்தில்தான் நிறுத்துகிறார். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் பன்னாடை கடைத்தரம். அவர் கூறும் கணக்கொன்று எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. ஆசிரியர் சொன்னதை நன்கு கேட்டாலும் கிட்டுவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும்.

திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை இக்கணக்கோடு பொருத்திப் பாருங்கள். முன்னே கற்ற பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்கு மணலில் விரல்பிடித்து எழுதக் காட்டுவான். ஆசிரியர் ஒருவரே இருந்த இடத்தில் இது வசதிக்காக எழுந்த வழக்கம் என்று எண்ணலாம். நன்னூலைக் கற்றவர்க்கோ, சட்டாம்பிள்ளை தன் அரைப்பங்கைத் தேடிக்கொள்கிறான் என்று தோன்றும்.

இம்முறை கடல் கடந்த கதையும் உண்டு. 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் ஏற்றார். ஒருநாள் வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யப் பணித்தார். கீழ்வகுப்பு ஆசிரியர் இயலாதென்றார். பெல் அவ்வகுப்பை ஏறத்தாழ எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். 1797-இல் இலண்டனில் இதை அவர் நூலாக வெளியிட, அது 'மதராஸ் முறை' என்று பெயர்பெற்று இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவிற்று.

ஆனால் பெருமை பேசி இங்கேயே நின்றுவிட மனம் ஒப்பவில்லை. 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணமெங்கும் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி பள்ளிகள் 12,498, பயின்றோர் 1,88,650. அவர்களுள் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. பிள்ளைகள் பாடல்களைப் பொருள் அறியாமலே ஒப்புவிக்கின்றனர் என்று பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823-இல் குறை கூறினார். பவணந்தியார் சொன்ன கிளி, திண்ணை முழுதும் நிறைந்திருந்தது போலும்.

பெண்கல்வி குன்றிய அந்நிலை தொன்றுதொட்டு வந்ததன்று என்பதே நெஞ்சை உறுத்துவது. கழுகுமலைப் பாறைகளில் குரத்தியர் பெயர்கள் மாணாக்கர் பெயர்களோடு வெட்டப்பட்டுள்ளன. குரத்தி என்றால் ஆசிரியை. வந்தவாசிக்கு அண்மையிலுள்ள வேடலில், முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று, குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியர் ஐந்நூற்றுவரையும் குறிக்கிறது. அவர்கள் நெடுங்கணக்குப் பயின்ற சிறுமியர் என்று கொள்வதற்கில்லை. நோன்பு நெறியில் நின்றவர்கள். எனினும் ஓர் ஆசிரியையிடம் ஐந்நூறு பெண்கள் பயின்ற ஊர் அது.

அக்கல்வெட்டு எழுந்த காரணமோ மகிழ்ச்சியானதன்று. இவர்களுக்கும் நானூற்றுவர் கொண்ட மற்றொரு தரப்பினர்க்கும் பிணக்கு மூண்டிருந்தது. யார் பக்கம் நியாயம் என்று ஊரார் தீர்ப்புரைத்ததாக அக்கல்லில் இல்லை. குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் காத்து உணவளிப்பது எம் பொறுப்பு என்று அவ்வூரார் உடன்பட்டனர். அவ்வுடன்பாட்டையே கல்லில் வெட்டுவித்தனர்.