ஐரோப்பியக் கிண்ணமும் எல்லைக் கிராமமும்

விளையாட்டின் வரலாறு என்றால் வெற்றி தோல்விகளின் பட்டியல் என்றே பலரும் கருதுகின்றனர். மகளிர் விளையாட்டின் வரலாறு அத்தகையதன்று. யார் வென்றார் என்று கேட்பதற்கு முன்னால், ஆடுவதற்கு யார் இடம் கொடுத்தார் என்று அங்கே கேட்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் 1958-59ஆம் ஆண்டுப் பருவத்தில் தொடங்கிய மகளிர் கூடைப்பந்துக் கழகங்களின் கிண்ணப் போட்டியை இக்கேள்வியோடு நோக்குவோமாயின், பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலிய எல்லைப்புறக் கிராமங்களில் வாழும் நமக்கும் அதில் ஒரு பாடம் இருப்பது புலப்படும்.

கூடைப்பந்து 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியரால் வகுக்கப்பட்டது. சில மாதங்களுக்குள்ளேயே செண்டா பெரன்சன் என்ற அம்மையார் அதனை ஸ்மித் மகளிர் கல்லூரியின் மாணவியருக்குக் கற்பித்தார். 1893-இல் அக்கல்லூரியில் நடந்த ஆட்டத்தைக் காண ஆடவருக்கு அனுமதி இல்லை. பெண்கள் ஓடியாடுவதை அந்நியர் காண்பது தகாது என்பது அக்காலத்து எண்ணம். அறுபது ஆண்டுகள் கழித்து, 1953-இல், சிலி நாட்டில் முதலாவது உலக மகளிர் கூடைப்பந்துப் போட்டி நடைபெற்றது, அமெரிக்கா வென்றது.

அது நாட்டு அணிகளின் போட்டி. நாட்டு அணி சில வாரங்களுக்காகக் கூடும். போட்டி முடிந்ததும் கலையும். கழகமோ ஆண்டு முழுவதும் நிலைத்திருப்பது. அதற்கென ஓர் ஊர் உண்டு, ஆடுகளம் உண்டு, பயிற்சிக்கு நாளும் நேரமும் உண்டு. ஆகவே மகளிர் கழகங்களுக்கெனச் சர்வதேசக் கிண்ணம் ஒன்று ஏற்பட்டது பெரிய மாறுதலாகும். ஆடவர் கழகங்களுக்கு 1958-இல் அத்தகைய போட்டி தொடங்கியது. அடுத்த பருவத்திலேயே மகளிருக்கும் தொடங்கிவிட்டது. அம்முதற் பருவத்தின் முடிவில், 1959-இல், பல்கேரியாவின் தலைநகரான சோபியாவைச் சேர்ந்த ஸ்லாவியா கழகம், மாஸ்கோ டைனமோ கழகத்தை வென்று கிண்ணத்தைப் பெற்றது.

மறு ஆண்டு கிண்ணம் லாத்வியாவின் தலைநகரான ரீகாவுக்குச் சென்றது. டௌகாவா என்றும் டி.டி.டி. என்றும் அழைக்கப்பட்ட அக்கழகம் 1958-இல் தோன்றியது. டி.டி.டி. என்ற எழுத்துகள், ரீகா நகரில் டிராம் வண்டிகளையும் டிராலிபஸ்களையும் ஓட்டிய நிறுவனத்தின் பெயரைக் குறிப்பவை. நகரத்து மக்களை அலுவலுக்கு ஏற்றிச் சென்ற ஒரு போக்குவரத்து நிறுவனந்தான் இம்மகளிருக்கு ஆதரவாக நின்றது. 1960 முதல் 1962 வரை மூன்று முறையும், 1964 முதல் 1975 வரை தொடர்ந்து பன்னிரண்டு முறையும், பின்னர் 1977, 1981, 1982 ஆகிய ஆண்டுகளிலும் ஆகப் பதினெட்டு முறை அக்கழகம் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. 1996 முதல் இப்போட்டி யூரோலீக் என்ற பெயரைத் தாங்கிவருகிறது.

அக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் உல்யானா செம்யோனோவா. லாத்வியாவும் லிதுவேனியாவும் சந்திக்கும் எல்லைப்புறத்தில் 1952-இல் பிறந்தவர். ஏறத்தாழ ஏழடி உயரம் உடையவர். இளம்பருவத்திலேயே ரீகாவுக்கு வந்து பயிற்சி பெற்றார். 1976-இல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் மகளிர் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றபோதும், 1980-இல் மாஸ்கோவிலும் சோவியத் அணிக்காகத் தங்கப்பதக்கம் வென்றார். கிராமத்துச் சிறுமியின் மிகை உயரம் பிறர் நகைப்புக்கு இடமாவது எங்கும் வழக்கம். ரீகாவில் அவ்வுயரம் கழகத்தின் செல்வமாயிற்று. சோவியத் அரசு தன் புகழையும் கருதியே இத்தகைய கழகங்களைப் பேணியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், உடல்வலிமை படைத்த ஒரு பெண்ணுக்குப் பயிற்சியும் பிழைப்பும் ஒருசேரக் கிடைத்தன என்பதும் உண்மையே.

இனி நம் நாட்டுப் பக்கம் திரும்புவோம். தென் திருவிதாங்கூரில் பெண்கள் பொது இடத்தில் எவ்வாறு தோன்றலாம் என்பதே ஒரு காலத்தில் பெரும் பூசலுக்குரிய பொருளாயிருந்தது. நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்று மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மர் பிரகடனம் செய்தது 1859 ஜூலை 26-இல். அதற்குச் சரியாக நூறாண்டு கழித்துத்தான் சோபியா நகரத்துப் பெண்கள் கிண்ணத்தை ஏந்தினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெய்யாற்றின்கரைப் பகுதியிலுள்ள ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்க்க அய்யங்காளி முயன்றபோது, அப்பள்ளியே தீக்கிரையாக்கப்பட்டது. ஆடைக்கும் படிப்புக்கும் இம்மண்ணின் பெண்கள் கொடுத்த விலை இது.

இன்று பெண்கள் பள்ளிக்குச் செல்கின்றனர். பள்ளி மைதானத்தில் ஆடவும் செய்கின்றனர். படிப்பு முடிந்த பின்னர் என்ன என்பதே எஞ்சியுள்ள வினா. ரீகாவின் டிராம் நிறுவனம் செய்ததைக் கேரளத்தில் மின்வாரியம் செய்திருக்கிறது. 1957-இல் அமைக்கப்பட்ட அவ்வாரியம் மகளிர் கூடைப்பந்து அணியை வைத்து, ஆட்டக்காரர்களுக்கு வேலையும் தந்துவருகிறது. 2018-இல் ஆசிய விளையாட்டில் இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய வயநாட்டுப் பி.எஸ். ஜீனா அவ்வாரியத்தின் ஊழியர். கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த கீத்து அன்னா ஜோஸ் தென்னக ரயில்வேயில் பணிபுரிந்தவர். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கழகத்துக்காகவும் ஆடினார். இவ்விருவரின் உயர்வுக்கு அவர்தம் திறமையோடு, நிலையான வருவாயும் துணைநின்றது. ஆயினும் அலுவலக அணியில் இடம் பெறுவோர் ஒரு சிலரே. மற்றவர்களுக்கு ஊர்க் கழகமே கதி.

எல்லைப்புறத்துக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆதலின் பாறசாலைப் பெண் மாநில அணியில் ஆட விரும்பினால் கேரளத்தையும், களியக்காவிளைப் பெண் தமிழ்நாட்டையும் நாட வேண்டும். மொழியாலும் உறவாலும் ஒன்றுபட்ட இருவர் அங்கே எதிரணியினர் ஆகின்றனர். ஊர்க் கழகத்தில் இருவரும் ஒரே அணியில் நின்று பந்தைக் கைமாற்றிக்கொள்ளலாம்.

பத்தடி உயரத்தில் இரு வளையங்கள், சமன்செய்த தரை, அந்தி கருத்தபின் வெளிச்சம், பள்ளியை விட்டவர்களும் மணமானவர்களும் வரலாம் என்றொரு விதி: கழகம் தொடங்குவதற்கு வேண்டுவன இவை. இவற்றுள் முன்னவை மூன்றுக்கும் ஊராட்சிகளும் நூலகச் சங்கங்களும் வழிசெய்யக்கூடும். கடைசி விதியை நிறைவேற்ற வேண்டியவர்கள் பெற்றோரும் கணவன்மாருமாகிய நாமே.