பாட்டியின் வீணையும் பேரப்பிள்ளைகளும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையேறி வெள்ளிமலையை அடைவோர், அங்குள்ள மலையாளி மக்களிடம் பூர்வீகத்தைக் கேட்டால் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் கதை கிடைக்கும். காஞ்சியை விட்டு மலையேறிய சகோதரர்களின் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளிலும் காண்கிறோம். அவர் ஏட்டில் ஏற்றும் வரை அதைக் காத்து வந்தது மூத்தோர் வாயும் இளையோர் செவியுமே. தாலாட்டும் ஒப்பாரியும் அவ்வழியே வந்தவைதாம்.

இவ்வாறு காப்பது எழுத்தறியா மக்களின் வழக்கம், செவ்வியல் இசைக்கோ நூலும் சுரக்குறிப்பும் உண்டு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரியன்று என்பதை வீணை தனம்மாளின் வீட்டு வரலாறு காட்டுகிறது.

தனம்மாள் 1867-இல் பிறந்தவர். அவருடைய பாட்டி காமாட்சியம்மாள் தஞ்சை அரசவையோடு தொடர்புடைய ஆடற்கலைஞர். தாய் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் பாடம் கேட்டவர். எனவே சியாமா சாஸ்திரியின் கீர்த்தனைகள் தனம்மாளுக்குக் குடும்பச் சொத்தாகவே வந்து சேர்ந்தன. சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் தீட்சிதர் கிருதிகளையும், பாலதாஸ் நாயுடுவிடம் பதங்களையும் கற்றார். தருமபுரி சுப்பராயர் இயற்றிய ஜாவளிகளும் அவர் வீட்டில் செழித்தன. கல்வராயன் மலைக்கு மேற்கே உள்ள தருமபுரியின் பெயரைத் தாங்கிய ஒருவருடைய பாடல்கள் சென்னை ஜார்ஜ் டவுன் வீடொன்றில் நிலைபெற்றன என்பது நம் பகுதியினர் நினைவில் கொள்ளத்தக்கது.

அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் தனம்மாள் வீணை வாசிப்பார். மீட்டுகோல் இன்றி விரல்களாலேயே மீட்டுவார். உடன் தாமும் மெல்லப் பாடுவார். வித்துவான்களும் ரசிகர்களும் ஓசையின்றி அமர்ந்து கேட்பர். அக்கூட்டத்தில் கட்டணமும் அழைப்பும் வேண்டாத ரசிகர் சிலரும் இருந்தனர். அவருடைய பேரப்பிள்ளைகளைத்தான் சொல்கிறோம்.

இவ்வுறவு இத்தனை இறுக்கமாக அமைந்ததற்குச் சமூகக் காரணம் உண்டு. தேவதாசி மரபில் வந்த குடும்பங்களில் வழி பெண்வழியாகவே எண்ணப்பட்டது. வீட்டின் தலைமை மூத்த பெண்ணுடையது; மகள்களும் அவர்தம் பிள்ளைகளும் அவரைச் சுற்றியே வாழ்ந்தனர். பிற குடும்பங்களில் தந்தையும் குருகுலமும் செய்த பணியை இங்கே தாயும் பாட்டியும் செய்தனர். தனம்மாளுக்கு ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜெயம்மாள், காமாட்சி என நான்கு மகள்கள். அவர்களும் பாடகியர். ஆக, பாட்டியிடம் கேட்டதைத் தாயிடம் திருத்திக்கொள்ளவும், தாயிடம் கற்றதைப் பாட்டியிடம் ஒப்பிட்டுப் பார்க்கவும் அவ்வீட்டுக் குழந்தைகளால் முடிந்தது.

காமாட்சியின் மகள்களான பிருந்தாவும் (1912–1996) முக்தாவும் (1914–2007) காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடமும் பயின்றவர்கள். அவருடைய இசை லயக்கணக்கில் வலியது. பாட்டியின் இசையோ விளம்ப காலத்தில், ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு நழுவும் இடைவெளியில் உயிர் கொள்வது. இரண்டையும் அறிந்திருந்தும், பிற்காலத்தில் அவர்களுக்குப் புகழ் தேடித்தந்தது பாட்டி வழி வந்த பதங்களே. எம். எஸ். சுப்புலட்சுமி பிருந்தாவிடம் பதம் கற்றார் என்பதிலிருந்து அதன் மதிப்பை உணரலாம்.

ஜெயம்மாளின் மகள் பாலசரஸ்வதி (1918–1984). 1925-இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். நடனம் கற்பித்தவர் கந்தப்பப் பிள்ளை. ஆனால் அமர்ந்தும் நின்றும் தாமே பாடியபடி அவர் செய்த அபிநயத்தின் அடித்தளம் வீட்டு இசையே என்பதில் ஐயமில்லை. அவர் தம்பியர் ரங்கநாதன் மிருதங்கத்திலும் விசுவநாதன் புல்லாங்குழலிலும் சிறந்தனர். 1938-இல் தனம்மாள் மறைந்தபோது ரங்கநாதனுக்கு வயது பதின்மூன்று, விசுவநாதனுக்குப் பதினொன்று. பாட்டியிடம் முறையாகப் பயிலப் போதாத வயது. ஆனால் கேட்கப் போதும். பின்னாளில் இருவரும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாகி, அந்த வீட்டின் ஓசையைக் கடல் கடந்து கொண்டுசென்றனர். லட்சுமிரத்னத்தின் மகன் சங்கரன் வானொலியில் பணியாற்றியதோடு, பாட்டியைப் பற்றி எழுதியும் அவர் நினைவைக் காத்தார்.

இதில் வறுமையும் இழிசொல்லும் கலந்தே இருந்தன. தனம்மாளின் முதுமை பணமுடையிலும் பார்வை இழப்பிலும் கழிந்தது. தேவதாசி ஒழிப்பு இயக்கம் வலுத்து, 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஆனது. பெண்களைச் சுரண்டிய வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆயினும் பாட்டி, தாய், பெயர்த்தி என்று இசை இறங்கிவந்த வீட்டமைப்பும் அதனோடு கலைந்தது. அரங்குகளுக்கு இசையும் ஆடலும் வேண்டியிருந்தன. அவற்றைக் காத்த குலத்தின் பெயர் வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் தம் பாட்டியின் பெயரை மறைக்காமல் மேடையேறியதே இப்பேரப்பிள்ளைகள் செலுத்திய நன்றிக்கடன் என்று கருதுகிறோம். பிருந்தாவும் முக்தாவும் பாலசரஸ்வதியும் தம் பெயரின் முன்னெழுத்தாகத் தஞ்சாவூரையே தாங்கினர்.

1932-இல் கொலம்பியா நிறுவனம் தனம்மாளின் வாசிப்பைச் சில இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. ஒவ்வொரு பக்கமும் மூன்று நிமிட அளவே. அத்தட்டுகளின் இரைச்சலுக்கு இடையே வீணையையும் முதிய குரலையும் இன்றும் கேட்கலாம். ஆனால் அவற்றை மட்டும் கேட்டு ஒரு பதத்தைக் கற்றுவிட இயலாது. எங்கே தயங்க வேண்டும், எங்கே மூச்சை அடக்க வேண்டும் என்பதைப் பிருந்தா தம் மாணவர்களுக்குப் பாடிக்காட்டியதால்தான் அத்தட்டுகளும் பொருளுடையனவாயின.

தனம்மாளுக்குத் தட்டு இருந்தது. பேரப்பிள்ளைகளுக்கு மேடையும் பல்கலைக்கழகமும் வாய்த்தன. வெள்ளிமலைப் பாட்டிகள் பலருக்கு இவை எதுவும் இல்லை. அருகில் அமர்ந்து கேட்கும் ஒரு குழந்தை மட்டுமே அவர்களுடைய இசைத்தட்டு. படிப்புக்கும் பிழைப்புக்குமாக அக்குழந்தை மலையிறங்குவதை யாரும் குறைகூற இயலாது. இறங்கும் முன் ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்டுச் செல்லட்டும் என்பதே நம் வேண்டுகோள்.