குரல் வாக்கெடுப்பா, டிவிஷனா? மாநிலங்களவையில் திருச்சி சிவா கேட்டது என்ன?

'டிவிஷன்... டிவிஷன்...' என்று எம்.பி.க்கள் குரல் எழுப்புவதை டிவியில் பார்த்திருப்பீங்க. அப்படின்னா என்ன?

குரல் வாக்கெடுப்பு: 'ஆம்', 'இல்லை' சத்தத்தை வைத்து அவைத் தலைவர் முடிவு சொல்வார். யார் எந்தப் பக்கம் என்ற கணக்கு இருக்காது.

டிவிஷன்: ஒவ்வொரு ஓட்டும் எண்ணப்பட்டு பதிவாகும்.

2020 செப்டம்பர் 20-ல் நடந்தது என்ன?

வேளாண் மசோதாக்களை தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய திமுக எம்.பி. திருச்சி சிவா, டிவிஷன் கேட்டார். துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார். உறுப்பினர்கள் இருக்கையில் இல்லை என்றது அவர் தரப்பு. இருக்கையில் இருந்துதான் கேட்டேன் என்றார் சிவா. மறுநாள், அமளியில் ஈடுபட்டதாக 8 எம்.பி.க்கள் சஸ்பெண்ட் ஆனார்கள்.

மாநில உரிமை எங்கே வருகிறது?

விவசாயமும் சந்தையும் மாநிலப் பட்டியலில் இருக்கு. உணவுப்பொருள் வணிகம் பொதுப்பட்டியலில். பொதுப்பட்டியலைக் காட்டித்தான் மத்திய அரசு சட்டம் போட்டது. ஈரோடு மஞ்சளை விற்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமோ மாநிலச் சட்டப்படி நடப்பது. போராட்டங்களுக்குப் பிறகு 2021 நவம்பரில் ரத்து மசோதா நிறைவேறியது.

அப்போ குரல் வாக்கெடுப்பே தப்பா?

இல்லை. 2015 ஏப்ரல் 24-ல் சிவாவின் திருநர் உரிமை தனிநபர் மசோதாவும் அப்படித்தான் நிறைவேறியது. ஆனா அன்று அவையே ஒருமனதாக இருந்தது. எதிர்ப்பு இருந்து, டிவிஷனும் கேட்கப்பட்டால் ஓட்டை எண்ண வேண்டும் என்பதே விதி.

2025 செப்டம்பரில் இந்த அவையின் தலைவராகப் பொறுப்பேற்றவர், கோவை முன்னாள் எம்.பி.யான திருப்பூர்க்காரர் சி.பி.ராதாகிருஷ்ணன்.