ஏரி காத்த கோட்டை – 6: அகழிக்கு இந்தப் பக்கம்

கோவளம் கோட்டை ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. ஆனால் அந்தச் சேதி செங்கல்பட்டுக்கு இன்னும் எட்டவில்லை. 1752-இல் ஆங்கிலேயப் படைத்தலைவர் ராபர்ட் கிளைவுக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் அதுதான்.

கோவளத்தை மீட்கச் செங்கல்பட்டிலிருந்து பிரெஞ்சுப் படை வந்துகொண்டிருந்தது. சேதி கசியாமல் பார்த்துக்கொண்டு, வழியில் ஆட்களைப் பதுக்கி வைத்தார் கிளைவ். நெருங்கி வரும்வரை பொறுத்திருந்து சுட்டார்கள். சுமார் 100 பேர் அங்கேயே சாய்ந்தார்கள். 300 பேர் பிடிபட்டார்கள். சுட்டவர்களில் பலர், சில நாள் முன்பு கோவளத்தில் ஒரு குண்டு விழுந்ததற்கே புறமுதுகிட்ட புது ஆட்கள்! வெடிச்சத்தத்துக்குப் பயந்த காவலாள் ஒருவனைக் கிணற்றுக்குள்ளிருந்து கண்டுபிடித்திருந்தார்கள்.

தப்பியவர்களை விரட்டிக்கொண்டு செங்கல்பட்டுக் கோட்டை வாசலுக்கே வந்தார் கிளைவ்.

16-ஆம் நூற்றாண்டின் கடைசியில், விஜயநகர அரசர்கள் எழுப்பிய கோட்டை அது. கட்டியவர்கள் கல்லைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் நம்பினார்கள். அரணுக்கு வேண்டியவற்றை அடுக்கும்போது வள்ளுவரும் நீரைத்தானே முதலில் வைக்கிறார்! ஒருபுறம் ஏரி. அதையொட்டி நஞ்சையும் சேறும். குதிரைக் குளம்பு புதையும். பீரங்கி வண்டியின் சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். வயலுக்குப் பாய்ந்த தண்ணீரே ஊருக்குக் காவலாகவும் இருந்தது. இன்று பரனூர் தாண்டி ரயிலில் வருகிறவர்கள் அந்தக் கொளவாய் ஏரியைக் கண்டதும் பையை இறக்கத் தொடங்குகிறார்கள். அந்தத் தண்டவாளம் கோட்டையை இரண்டாக அறுத்துக்கொண்டு போகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அது ஆறாத வருத்தம்.

தண்ணீர் காக்காத பக்கத்தில் 60 அடி அகல அகழி வெட்டி, கரைக்குக் கல் பாவியிருந்தார்கள். அதற்கப்பால் இரண்டு மதில்கள், வட்டக் கொத்தளங்கள். உள்ளே 40 ஐரோப்பியர், 500 சிப்பாய்கள், 15 பீரங்கிகள்.

நான்கு நாள் கிளைவின் பீரங்கிகள் ஓயவில்லை. வெளிமதில் சரிந்தது. உள்மதிலும் வாய் பிளந்தது. அகழி மட்டும் அப்படியே கிடந்தது. அதைத் தூர்த்தால்தான் உள்ளே போகலாம். தூர்க்கிறவர்களின் தலைக்கு மேலே பகைவரின் துப்பாக்கிகள். கிளைவுக்கோ உடம்பு சரியில்லை.

அந்த வேளையில் கோட்டைத் தளபதியிடமிருந்து ஒரு நிபந்தனை வந்தது. ஏற்றால் கோட்டை கைக்கு வரும். ஆனால் உள்ளிருக்கும் பிரெஞ்சுக்காரரில் ஒருவர்கூடச் சிறைப்பட மாட்டார்.

கிளைவ் என்ன சொன்னார்?

(தொடரும்)