வேலைக்காரர் இல்லாத தீவு: அமெரிக்கக் கோடை முகாம்களின் தொடக்கம்

அமெரிக்காவில் கோடை முகாமின் வரலாற்றைப் பெரும்பாலும் 1861இலிருந்து தொடங்குவார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் வாஷிங்டன் என்ற சிற்றூரில் உறைவிடப் பள்ளி நடத்திவந்த பிரெடரிக் வில்லியம் கன், அந்த ஆண்டு தம் மாணவர்களை ஏறத்தாழ 40 மைல் தொலைவிலுள்ள மில்ஃபோர்டு கடற்கரைக்கு நடத்தி அழைத்துச் சென்றார். அவர் மனைவி அபிகெயிலும் உடன் சென்றார். உள்நாட்டுப் போர் மூண்டிருந்த நேரம். படைவீரர்களைப் போல அணிவகுத்து நடக்க வேண்டும், கூடாரத்தில் படுக்க வேண்டும் என்று பையன்கள் துடித்தார்கள். அந்த ஆசைக்கே இடம் கொடுத்து, படகு விடவும் மீன் பிடிக்கவும் அவர்களைக் கன் பழக்கினார்.

அது பள்ளியின் ஒரு பகுதியாகவே இருந்தது. பள்ளியைச் சாராமல், வாழப் பழக்குவதையே நோக்கமாகக் கொண்ட முகாமை 1881இல் தொடங்கியவர் எர்னஸ்ட் பால்ச் என்ற இளைஞர். நியூ ஹாம்ப்ஷயரின் ஸ்குவாம் ஏரியில் உள்ள ஒரு சிறு தீவு அவருடைய களம். முகாமின் பெயர் சொகோருவா. வசதியான வீட்டுப் பிள்ளைகள் கோடை முழுவதும் பெற்றோருடன் உல்லாச விடுதிகளில் சோம்பிக் கிடந்து வீணாகிறார்கள் என்பது அவர் மனத்தை உறுத்தியது. அதனால் தீவில் வேலைக்காரர் எவரையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. சமைப்பது, பாத்திரம் கழுவுவது, இடத்தைப் பெருக்குவது எல்லாம் பையன்கள் முறைவைத்துச் செய்ய வேண்டியவை. வீட்டில் ஒரு தட்டைக்கூடக் கழுவியறியாத பிள்ளைகள் அவர்கள்.

பண விவகாரத்தில்தான் பால்ச்சின் கூர்மை தெரிகிறது. வீட்டிலிருந்து வரும் கைச்செலவுப் பணத்துக்கு வரம்பு வைத்தார். சொந்தப் படகு போன்ற பெரிய பொருள் வேண்டுமென்றால், முகாமின் வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்து சம்பாதிக்க வேண்டும். கூலியைப் போட்டுவைக்க முகாமுக்கென ஒரு வங்கியும் இருந்தது. பையன்கள் காசோலை எழுதிப் பணம் எடுத்தார்கள். உழைப்புக்கு விலை உண்டு என்பதைப் பதின்வயதில் கையால் உணர வைத்த இந்த ஏற்பாடு, பின்னாளில் வந்த எத்தனையோ பாடத்திட்டங்களைவிட மேலானது. முகாம் 1889 வரைதான் நடந்தது. ஆனால், அதன் முறையைப் பிற முகாம்கள் எடுத்துக்கொண்டன.

1885இல் சம்னர் டட்லி, ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறித்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் ஏழு சிறுவர்களை நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்சு ஏரிக்கு அழைத்துச் சென்றார். அவர் பெயரைத் தாங்கிய முகாம் சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் இன்றும் நடக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு வழி திறந்தது சற்றுத் தாமதமாக: 1902இல் நியூ ஹாம்ப்ஷயரில் லாரா மாட்டூன் தொடங்கிய கெஹோங்கா, அவர்களுக்கான தொடக்ககால முகாம்களில் ஒன்று.

இந்தக் கதையில் மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் உண்டு. தன்னம்பிக்கையும் கூட்டுவாழ்வும் கற்பித்த முகாம்களில் பல, கறுப்பினப் பிள்ளைகளையும் யூதப் பிள்ளைகளையும் வாசலிலேயே நிறுத்தின. சேர்ந்து வாழக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்ன இடத்தில் இது பெரிய அநீதி. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கெனத் தனி முகாம்களை உருவாக்கிக்கொண்டார்கள். நியூயார்க்கின் யூதக் குடியேறிகளின் பிள்ளைகளுக்காக 1902இல் சர்ப்ரைஸ் லேக் முகாம் எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்காக மாசசூசெட்ஸில் வில்லியம் டிபெரி என்ற போதகர் 1921இல் நிறுவியதுதான் பின்னர் அட்வாட்டர் என்று பெயர்பெற்ற முகாம்.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அரசே முகாம் அமைப்பதில் இறங்கியது. வேலையிழந்தவர்களைக் கொண்டு, பயன்படாத விளைநிலங்களைக் காடாக்கி, அவற்றில் குழு முகாம்களைக் கட்டியது. நாடெங்கும் 46 இடங்களில் நடந்த இந்தத் திட்டத்தால், தனியார் முகாம்களுக்குக் கட்டணம் கட்ட முடியாத நகரத்து ஏழைப் பிள்ளைகளும் கோடையில் காட்டில் தங்க முடிந்தது. அந்த நிலங்களில் பெரும்பாலானவை பின்னர் மாநிலப் பூங்காக்களாக மாறின.